ஏழு நாற்பதுக்குப் போகும் ஜெபம்

சாந்தோம் பக்கத்துத் தெருக்களில் டெல்பினைத் தெரியாதவர்கள் குறைவு. கோயில் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறவள். மாதா திருவிழாத் தேருக்குப் பூ கட்டுவதென்றால் முதல் ஆள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சாமியார் வருவதற்கு முன் அந்த வீட்டு அடுப்படியில் நின்று காபி போட்டுக்கொண்டிருப்பாள். நல்லவள் என்று பெயர் எடுத்தவள். அப்படிப் பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அந்தப் பெயரைக் கட்டிக் காக்க வேண்டும்.

மயிலாப்பூரில், ஏழு பள்ளிக்கூடங்களை நடத்தும் ஓர் அறக்கட்டளையின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர் பிரிவு. பிரிவு என்று பெயர்தான் பெரிசு. உள்ளே போனால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெல்பின், அவ்வளவுதான். வெளியே அறுநூறு சொச்சம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்தவர்கள் ரிட்டயர் ஆனதும் தாங்களே எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். சான்றிதழ் வேண்டும், முகவரி மாறிவிட்டது, அடையாறில் இருக்கும் அறக்கட்டளையின் முதியோர் ஓய்வில்லத்தில் இடம் வேண்டும் என்று நாள் ஒன்றுக்கு நாற்பது மெயில் வரும்.

இதைச் சமாளிக்க அலுவலகத்தில் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார்கள். வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் அது ஒரு நம்பர் போடும், யாரிடம் போக வேண்டுமோ அங்கே தள்ளும், நாம் சொல்லிவைத்த பதிலை அனுப்பும். அதைக் கற்றுக்கொள்ள டெல்பினைத் தரமணிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்த ஹம்சினிக்கு இருபத்தாறு வயது. 'இப்படி வந்தால்' என்று ஒரு கட்டம், 'அப்படிச் செய்' என்று பக்கத்தில் ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினால் விதி தயார். நாற்பத்தொன்பது வயதில் டெல்பின் அதைப் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க இங்கயே வந்துடுங்க" என்று ஹம்சினி சொன்னாளாம். டெல்பின் அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதில் கடிதத்தை டெல்பினே எழுதினாள். மற்ற பிரிவுகளில் 'தங்கள் மனு பெறப்பட்டது' என்று வறட்டுத்தனமாகப் போகும். டெல்பின் எழுதியது இது: 'அன்புள்ள ஆசிரியப் பெருந்தகைக்கு, தங்கள் கடிதத்தைப் படித்தேன். இன்று காலைப் பூசையில் தங்கள் கருத்துக்காக வேண்டிக்கொண்டேன். தங்கள் காரியம் ஆண்டவர் கையில் இருக்கிறது. இப்படிக்கு, டெல்பின்.' கருத்து என்றால் கோயில்காரர்கள் பேச்சில் மனசுக்குள் இருக்கும் வேண்டுதல். பூசைக்கு முன் எழுதிக் கொடுப்பார்கள், பீடத்திலிருந்து வாசிப்பார்கள். ஒருவர் கருத்துக்காக வேண்டிக்கொண்டேன் என்று இன்னொருவர் சொல்வது அங்கே சாதாரண வார்த்தை இல்லை.

எழுதிய நாளில் அது பொய்யும் இல்லை. அப்போது அவள் தினமும் காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கைப்பையில் ஒரு சீட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு உண்மையாகவே வேண்டிக்கொண்டாள். உடனுக்குடன் பதில் போனால் மெஷின் என்று தெரிந்துவிடும், கொஞ்சம் தாமதம் வையுங்கள் என்று ஹம்சினி சொல்லியிருந்தாள். டெல்பின் யோசித்து, மறுநாள் காலை ஏழு நாற்பது என்று வைத்தாள். பூசை முடிந்து ஒரு மனுஷி அலுவலகம் வந்து உட்கார அந்த நேரம் ஆகும். பிறகு முழங்கால் வலி வந்தது, பையனுக்குப் பிளஸ் டூ வந்தது, தினப்பூசை ஞாயிற்றுக்கிழமைப் பூசை ஆனது. மெயில் மட்டும் நிற்கவில்லை. தினமும் ஏழு நாற்பதுக்கு, அவள் வீட்டில் தோசை திருப்பிக்கொண்டிருக்கையில், காலைப் பூசையில் வேண்டிக்கொண்டதாக நாற்பது பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஜூன் மாதம் இன்னொரு விதியும் போட்டாள். ஆசிரியர்களுக்கு ஒரு பழக்கம். பதில் வந்தால் அதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போடுவார்கள். அதற்குப் பதில் போனால் அதற்கும் ஒரு நன்றி. சிஸ்டம் ஒவ்வொரு நன்றிக்கும் புது நம்பர் போட்டு டெல்பின் தலையில் கட்டியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் மத்தியானம் இரண்டு கட்டங்களை நிரப்பினாள். கடிதத்தில் நன்றி, தேங்க்ஸ், காட் பிளஸ் என்று எது இருந்தாலும் அது நன்றிக் கடிதம், வழக்கமான பதிலை அனுப்பிவிட்டு முடிந்துவிட்டதாக மூடிவிடு. அவ்வளவுதான். நாற்பது கடிதம் பன்னிரண்டாகக் குறைந்தது. மாத அறிக்கையில் 'முடிக்கப்பட்டவை' விறுவிறுவென்று ஏறியது. ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். அந்தப் போட்டோ இன்னும் அவள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் அவளை நிறுத்தினார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இக்னேஷியஸ். கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறார்.

"டெல்பின் நீதானம்மா? பாடறப்ப பாத்தேன். பேர் கேட்டுத் தெரிஞ்சுக்கினேன்."

"ஆமா சார்."

"நேர்ல பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னுதான் அங்கேர்ந்து பஸ் புடிச்சு வந்தேன்." ஃபைலைத் திறந்தார். உள்ளே அவள் கடிதங்கள், பிரிண்ட் எடுத்து, தேதிவாரியாக. ஒன்பது இருந்தன. ஒன்பதும் ஒரே கடிதம். "எல்லாத்தையும் வீட்டம்மா நோராவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். காலையில மொத வேலையா நமக்காக வேண்டிக்கிட்டு அப்புறம்தான் அந்தப் பொண்ணு ஆபீஸ் வேலயே பாக்குதுன்னு சொன்னேன். அவளுக்கு அவ்ளோ சந்தோஷம்."

டெல்பின் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாதபோது அவளுக்கு வரும் சிரிப்பு அது. "எந்த விஷயமா எழுதியிருந்தீங்க சார்?" என்று கேட்கலாம். கேட்டால் படித்தேன் என்று எழுதியது என்ன ஆகும்? அவள் கேட்கவில்லை.

"ரூம் விஷயமா நான் யாரையும் போய்த் தொந்தரவு பண்ணலம்மா" என்றார் அவராகவே. "ஆண்டவர் கையில இருக்குன்னு நீ எழுதிட்ட. அதுக்கு மேல மேனேஜர் ரூம் கதவத் தட்டினா, உன்னையும் நம்பல, ஆண்டவரையும் நம்பலன்னு ஆயிடும் பாரு." கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அவள் கோழியை அடுப்பில் வைத்துவிட்டு உப்புப் போட மறந்தாள். கணவன் லாய்ட் தரமணியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைச் சோறு கெட்டுப்போனால் அவனுக்குத் தாங்காது. "இன்னாடி, கோயில்லேர்ந்து வந்ததும் வராததுமா இப்டி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? யார் இன்னா சொன்னாங்க?"

"நன்றி சொன்னாங்க."

"அதுக்கா இந்த மூஞ்சி?" என்று அவன் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை எட்டரைக்கே அலுவலகம் போய், மூடிய கேஸ்களில் இக்னேஷியஸ் பெயரைத் தேடினாள். ஒன்பதும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'முடிந்தது'. முதல் கடிதம், ஜூன் மாதம்: 'அன்புள்ள டெல்பின் அவர்களுக்கு, முதற்கண் என் நன்றி. என் மனைவி நோரா, நம் பள்ளியில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர், பக்கவாதம் வந்து அடையாறு ஓய்வில்லத்தின் பெண்கள் பகுதியில் இருக்கிறார். அங்கே தம்பதியர் அறைகள் நான்கு உண்டு என அறிகிறேன். ஒன்று காலியாகும்போது எங்கள் பெயரைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.'

நான்காவது கடிதத்தில் இப்படி இருந்தது: 'உங்கள் ஜெபத்துக்கு நன்றி. அவசரப்படுத்துவதாக எண்ண வேண்டாம். நோராவுக்குப் பேச்சு குழறிவிட்டது. அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிகிறது. ஆண்கள் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் பகுதியில் இருக்கக் கூடாது என்பது விதி, அது சரியானதே. ஆறு மணிக்குப் பிறகு அவர் ஏதோ கேட்கிறார், அங்கே யாருக்கும் புரிவதில்லை, காலை வரை அப்படியே இருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன்.'

டெல்பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீதி ஐந்தையும் படித்தாள். எல்லாவற்றிலும் நன்றி இருந்தது. ஒன்றில் முதல் வரியிலும் இருந்தது, கடைசி வரியிலும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு தம்பதியர் அறை காலியானது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திறந்திருக்கும் கேஸ்களில் யார் முதலில் எழுதியது என்று அப்போது சிஸ்டத்தைக் கேட்டிருந்தாள். அது கிளிஃபர்ட் பெயரைக் காட்டியிருந்தது. அவர் ஜூலையில் எழுதியவர், முன்னாள் துணைத் தலைமையாசிரியர். அவர் கடிதம் இப்படி இருக்கும்: 'மூன்றாவது முறையாக எழுதுகிறேன். அங்கே யாராவது விழித்திருக்கிறீர்களா, இல்லையா?' அதில் நன்றிக்கு எங்கே இடம்? அது நேராக டெல்பினிடம் வந்தது, டெல்பின் பயந்துபோய், அறை காலியானதும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது ஊரறிந்த நியாயம். அழாத பிள்ளையைத் தேடிப் பிடித்து, வாயைத் துடைத்து, குடித்தாயிற்று என்று எழுதி வைத்தது டெல்பினின் நியாயம்.

மொத்தமாக எண்ணிப் பார்த்தாள். ஜூனிலிருந்து அப்படி மூடப்பட்டவை இரண்டாயிரத்துக்கு மேல். முக்கால்வாசி உண்மையிலேயே வெறும் நன்றிதான். கோபக்காரர்கள் சிலர் நேரில் வந்து கத்தி வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மற்றவர்கள் மரியாதைக்காரர்கள். மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாக அதிகாரி சுந்தரராமன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கச்சேரி ரோடு பக்கம் மூன்று தலைமுறையாக இருப்பவர், சுபாவத்தில் நல்ல மனிதர். முழுக்கக் கேட்டார்.

"சரி, ரூலை மாத்திட்டேளோ?"

"மாத்திட்டேன் சார். காலையிலயே."

"அப்பறம் என்ன? விட்டுப்போனதை ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்கோ. இக்னேஷியஸ் பேரை வெயிட்டிங் லிஸ்ட்ல மொதல்ல போடுங்கோ. கிளிஃபர்ட் குடும்பத்தோட வந்து ஒரு மாசம் ஆயிடுத்து, அவரைக் கெளப்ப முடியாது. யாராவது கேட்டா சிஸ்டத்துல பிழைன்னு சொல்லிண்டு போயிடலாம்."

"பிழை சிஸ்டத்துல இல்ல சார். நான் சொன்னதத்தான் அது செஞ்சுது."

"அதை ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா டெல்பின்? எங்காத்துல சொல்லுவா, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதேன்னு. அவர்தான் சந்தோஷமா இருக்காரே."

அந்த யோசனையில் டெல்பினுக்கு ஆசை வந்தது என்பதை மறைப்பானேன்? வந்தது. அன்றைக்கு முழுக்க அதை மனசில் போட்டுப் புரட்டினாள். ஃபோன் செய்து, 'சார், உங்க பேரு லிஸ்ட்ல மொதல்ல இருக்கு' என்று சொல்லலாம். அவர் அதற்கும் நன்றி சொல்வார். ஃபைலில் பத்தாவது கடிதமாகக் கோத்து வைப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவன்கூட பறிகொடுத்தவனிடம் போய் ஆசீர்வாதம் வாங்க மாட்டான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அடையாறுக்குப் போனாள். ஓய்வில்லத்தில் பெண்கள் பகுதி வாசலில் ஒரு பெஞ்சு. இக்னேஷியஸை அங்கே உட்கார வைத்து, நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கடிதம் எதையும் தான் படிக்கவில்லை என்றாள். நன்றி என்ற சொல்லைப் பார்த்தால் மூடிவிடு என்று மெஷினுக்குச் சொல்லியிருந்ததைச் சொன்னாள். ஆகஸ்டில் காலியான அறை நியாயப்படி அவர்களுடையது என்றாள்.

அவர் ஃபைலைத் திறந்து கடிதங்களை ஒருமுறை எண்ணினார். பிறகு, வகுப்பில் கணக்கைச் சரிபார்ப்பவர் மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஒம்போது லெட்டரையும் யாரும் படிக்கல?"

"இல்ல சார்."

"பதில்ல உன் பேர் இருந்துதே?"

"நான் எழுதி வச்சதுதான் சார். எல்லாருக்கும் அதேதான் போவும்."

"காலைப் பூசையில..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அறை கைவிட்டுப் போனதைக் கேட்டபோதுகூட அவர் முகம் மாறவில்லை. இப்போது மாறியது.

"நான் ரெண்டு வருஷமா காலைப் பூசைக்கே போறதில்ல சார்." சொல்லிவிட்டு டெல்பின் தரையைப் பார்த்தாள். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளிஃபர்ட் மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"நோராகிட்ட இத சொல்லாத" என்றார் கடைசியில். "பசங்க யாரும் பக்கத்துல இல்ல. உன் கடுதாசிதான் அவளுக்கு வெளியிலேர்ந்து வர்ற ஒண்ணு."

அதற்குள் ஆயா எட்டிப் பார்த்து, "சார், அம்மா கூப்பிடுது, யார் வந்துகீறாங்கன்னு கேக்குது போல" என்றாள். போகாமல் இருக்க முடியவில்லை.

நோரா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இக்னேஷியஸ் குனிந்து, "டெல்பின் வந்திருக்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நோராவின் இடது கை எழுந்து வந்து டெல்பினின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. எதிர்பார்க்காத பலம் அந்தக் கையில். பிறகு ஏதோ சொன்னார். டெல்பின் காதில் அது வெறும் சத்தமாக விழுந்தது.

"தெனம் ஜெபமால சொல்றப்ப உனக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்றாளாம்" என்றார் இக்னேஷியஸ், டெல்பினைப் பார்க்காமல். நோரா மறுபடி நீளமாகச் சொன்னார். இக்னேஷியஸ் தயங்கினார். வேறு ஏதாவது சொல்லி மாற்றியிருக்கலாம், டெல்பினுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் நோரா சொன்னதைச் சொன்னபடியே எடுத்துச் சொன்னார். "நீ எல்லார் கருத்துக்காகவும் வேண்டிக்கிற. உன் கருத்து இன்னான்னு தெரியாமலே வேண்டிக்கினு இருக்காளாம். அத சொல்லச் சொல்றா."

டெல்பின் வாயைத் திறந்தாள். அவளுடைய ஒரே வேண்டுதல் தரை பிளந்து தன்னை விழுங்க வேண்டும் என்பது. அதைச் சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லக் கூடாதென்று இக்னேஷியஸ் கேட்டுக்கொண்டுவிட்டார். கண்ணீர்தான் வந்தது. நோரா அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ துயரம் போல என்று நினைத்தாரோ என்னவோ, பிடித்த கையை விட்டு அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார்.

ஆறு மணிக்கு வராந்தாவில் மணி அடித்தது. இக்னேஷியஸ் எழுந்தார். மனைவியின் தலையணையைச் சரிசெய்தார், போர்வையை இழுத்துவிட்டார், ஃபைலை எடுத்துக்கொண்டார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை நோராவுக்கு. பிறகு படியிறங்கிப் போய்விட்டார். விதியென்றால் அவருக்கு விதிதான்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் நோரா ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான், நாலைந்து சொல் இருக்கும்.

"என்னம்மா?" டெல்பின் காதைக் கிட்டே கொண்டுபோனாள். நோரா மறுபடி சொன்னார். "தண்ணியா?" இல்லை என்று தலை ஆடியது. "ஃபேனைக் குறைக்கவா? திரும்பிப் படுக்கணுமா? சாரைக் கூப்பிடணுமா?" இல்லை, இல்லை, இல்லை. மூன்றாம் முறை, இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லப் பார்த்தார். ஒரு காலத்தில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார். டெல்பினுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். தெருவில் அவர் இல்லை, பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்தபோது நோரா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

"தெனம் இப்டித்தாம்மா" என்றாள் ஆயா, அடுத்த கட்டிலுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறபோது. "அவர் போனதும் கேக்க ஆரம்பிக்கும். இன்னா வேணும்னே தெர்ல. கொஞ்ச நேரம் கேட்டுட்டு அதுவே அடங்கிடும்." போனவள் நின்று, டெல்பினைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க யாரும்மா? அவங்களுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா" என்றாள் டெல்பின். "நான் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன்."